பூட்டு ஒன்று, என் கணக்கில்

ஜூலை முதல் தேதி காலை
நகராட்சிக் கதவில் ஒரு தாள்:
பட்ஜெட் நிறைவேறவில்லை, செலவு செய்ய அதிகாரமில்லை.
கீழே கையெழுத்து இல்லை.
போட வேண்டியவரும் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஸ்டாங்கரில் இது கரும்பு கொளுத்தும் மாதம்.
தோகைச் சாம்பல் பறந்து வந்து
கொடியில் காயும் வெள்ளைத் துணிகளில் உட்காருகிறது,
என் கராஜ் வாசலில் நிற்பவர்களின்
தலைமுடியிலும்.

டொயோட்டாவை வெளியே தள்ளினோம்.
மேசை இல்லை. இஸ்திரிப் பலகையை விரித்தேன்.
மகள் பாதியில் விட்ட அல்ஜீப்ரா நோட்டில்
பெயர், தெரு, குறை.
மார்க்கெட் பின்னால் குழாய் வெடித்து மூன்று நாள்.
அன்னபூரணி செட்டிக்கு மின்சார டோக்கன் ஏறவில்லை,
இன்சுலின் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிறது,
பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை.
அதையும் எழுதிக்கொண்டேன்.

கவுன்சிலருக்கு என்ன முடியும்?
போன் பேச முடியும்.
சர்க்கரை ஆலையில் கெஞ்சி ஒரு டாங்கர் லாரி வாங்கினேன்.
பாகு ஏற்றுகிற லாரி.
நான்கு முறை கழுவியும்
தண்ணீர் லேசாக இனித்தது.
பிள்ளைகள் வாளியில் வாய் வைத்துக் குடித்தார்கள்.
தேநீருக்குச் சர்க்கரை மிச்சம் என்றார் ஒருவர்.
சிரித்தோம், கொஞ்ச நேரம்.

நான்கு நாள் யாரும் கேட்கவில்லை.
ஐந்தாம் நாள் பரிமளா ரெட்டி
வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:
நீ எதற்குக் கை தூக்கினாய்?

வேண்டாம் என்று.
பதினெட்டுக்குப் பத்தொன்பது.
ஒரே வாக்கில் தீர்ந்த விஷயத்தில்
பத்தொன்பது கைகளும் கடைசிக் கைதான்.
மேட்டுத் தெருப் பம்புக்கு
அதில் ஒரு ராண்ட்கூட இல்லை, அதனால் என்றேன்.
அவள் மேட்டுத் தெருக்காரி.
லாரியைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள்.
இப்போ எல்லாத் தெருவும் மேட்டுத் தெருதான்
என்று சொல்லி வாளியைத் தூக்கிக்கொண்டாள்.

செலே வந்தபோது இருட்டிவிட்டது.
தொப்பி கையில் சுருண்டிருந்தது.
மனைவி நோமுசா போய் ஆறு நாள்.
நாளை அடக்கம்,
ஜோஹன்னஸ்பர்க்கில் உறவுகள் பஸ் ஏறிவிட்டார்கள்.
இடுகாட்டு கேட்டில் நகராட்சிப் பூட்டு.
சாவி அலுவலகப் பெட்டகத்தில்,
பெட்டகத்தின் சாவி யாரிடமென்று
யாருக்கும் தெரியவில்லை.

குழி வெட்டும் பூபாலனை எழுப்பினேன்.
அவனுக்கும் சம்பளமில்லை, என்னாலேயே.
வாசலில் நின்று என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.
மழையில்லாத மண், இறுகிக் கிடக்கும்,
டார்ச் பெரிசா எடுத்துக்கோ என்றான்.

பிறகு என் வீட்டுக்காரரின் போல்ட் கட்டர்.
நகராட்சிச் சொத்தைச் சேதப்படுத்தினால் அபராதம்:
அந்தத் துணைவிதியை
இரண்டு வருஷம் முன்பு வழிமொழிந்தவள் நான்,
தெருவிளக்கில் கல்லெறியும் பையன்களை நினைத்து.
இரண்டு தடவை வழுக்கியது.
மூன்றாவதில் அறுந்தது, சின்னச் சத்தம்.
செலே வேறு பக்கம் திரும்பி நின்றார்.
எனக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் மேட்டிலிருந்து பாட்டு இறங்கி வந்தது.
நான் போகவில்லை. வரிசை நீளம்.
நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்:
பூட்டு ஒன்று, நூற்று நாற்பது ராண்ட், என் கணக்கில்.

வியாழக்கிழமை மறுபடி கூட்டம்.
அதே பட்ஜெட்டைப் புது அட்டை போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.
எல்லோரும் போனபின்
இஸ்திரிப் பலகையில் விரித்துப் பம்பைத் தேடுகிறேன்,
வரிவரியாக, விரல் வைத்து.
விரல் போன வழியெல்லாம்
சாம்பல்.