இரண்டு மதிப்பெண்

திங்கள் இரவு ஈரோட்டில் ஜவுளிச் சந்தை.
செவ்வாய் காலை முதல் வகுப்பு நுண்ணியல் பொருளாதாரம்.
நடுவே ஒரு குளியல், நாலு இட்லி,
பெருந்துறை பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி
கொஞ்சம் தூக்கம்.

வசந்தாமணி மேடம் பலகையில்
இடமிருந்து வலம் சரியும் கோடு ஒன்று போட்டார்.
விலை ஏறினால் வாங்குவது குறையும்,
மற்றவை மாறாதிருந்தால்.
'மற்றவை'யின் கீழே இரண்டு அடிக்கோடு.
நோட்டின் ஓரத்தில் மற்றவற்றை எழுதிப் பார்த்தேன்:
மழை. கேரளா லாரி வந்துசேரும் நேரம்.
ஆடி மாசம். எதிர்க்கடை ஏகாம்பரத்தின் வாய்.
முத்தலிபு அண்ணனின் சர்க்கரை அளவு.
ஓரம் போதவில்லை.

அந்தக் கோடு என்னோடு சந்தைக்கும் வந்தது.
பத்து மணிக்கு நைட்டி நூற்றெண்பது.
பாலக்காட்டுக்காரர் கட்டைப் பிரித்துப் பார்த்து
"ஒரே பேச்சா சொல்லுங்க" என்றால் நூற்றைம்பத்தைந்து.
இரண்டு மணிக்கு,
பல்பைச் சுற்றிய பூச்சியெல்லாம் கீழே விழுந்த பிறகு,
நூற்று முப்பது.
புள்ளி வைத்துச் சேர்த்தால்
மேடம் போட்ட அதே சரிவு!
"ஆறாவது கட்டுக்கு இறுதிநிலைப் பயன்பாடு குறையுமுங்ணா" என்றேன்.
"என்ன எழவோ, நீ அந்தச் சணலை எடு கண்ணு."

நெகிழ்ச்சி நடத்திய வாரம்.
விலைக்கு ஆள் எவ்வளவு வளைவான் என்பது அது.
வளையவே வளையாத சாமான்களும் உண்டு:
உப்பு, தீப்பெட்டி.
"காதலுங்க மேடம்" என்றாள் பிருந்தாதேவி, அவருக்குக் கேட்காமல்.
பெஞ்சு முழுக்க இருமல்.

அடுத்த திங்கள் இரவு முடிந்து, விடியல் ஐந்து மணி.
அண்ணன் தொழப் போயிருந்தார்.
ஜி.எச். பக்கமிருந்து ஒருவர் வந்தார்.
பித்தான்களை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தார்,
பையில் மடித்த மஞ்சள் சீட்டு.
"வெள்ளை வேட்டி ஒண்ணு வேணுமுங்க. கோடிக்கு."

என்ன கரை என்று கேட்கவில்லை.
துணியை விரலில் உருட்டிப் பார்க்கவில்லை.
எதிர்க்கடைப் பக்கம் திரும்பவில்லை.
என் தலைக்குள் சரிந்து கிடந்த கோடு
எழுந்து செங்குத்தாய் நின்றது.

நூற்றிருபது ரூபாய் வேட்டி.
நூற்றெழுபது என்றேன்.

இருநூறு தந்தார்.
மீதி முப்பதை எண்ணாமல் மடித்து
மடித்ததைக் கையிலேயே வைத்துக்கொண்டு
"கவர் இருக்குங்களா" என்றார்.
கொடுத்தேன்.
கவருக்குக் காசு வாங்கவில்லை.

அண்ணன் வந்து கல்லாவை எண்ணினார்.
"அம்பது கூட இருக்குதே?"
"நல்ல வியாபாரமுங்ணா."
என்னை ஒருமுறை பார்த்தார்.
டீ சொன்னார்.

காலை வகுப்பில் நுகர்வோர் உபரி.
கொடுக்கத் தயாராய் இருந்ததற்கும்
கொடுத்ததற்கும் இடையே ஒரு முக்கோணம்.
பென்சிலால் நிழலிடச் சொன்னார் மேடம்.
எல்லோரும் முடித்து நோட்டை மூடிவிட்டார்கள்.
நான் தாள் கிழியும்வரை நிழலிட்டேன்.

முதல் இன்டர்னல், ஏழாம் கேள்வி:
நெகிழ்ச்சியற்ற தேவைக்கு ஓர் எடுத்துக்காட்டு தருக.
பேனா கொஞ்ச நேரம் நின்றது.

உப்பு என்று எழுதினேன்.
இரண்டுக்கு இரண்டு.