எள் விழுந்த இடம்

டான்யூப் கரைச் சதுக்கத்தில் நேற்று
இருநூறு பேர் என்றது ஒரு தொலைக்காட்சி.
எள் விழ இடமில்லை என்றது இன்னொன்று.
முதலாவதை நடத்துபவர்தான்
ஊர்க் காகித ஆலைக்கும் முதலாளி.
இரண்டாவது யாருடையது?
ருமேனியா முழுக்கக் கேட்டாயிற்று,
இன்னும் தெரியவில்லை.

கோவ்ரிக் சுட்டு விற்கும் ஸ்மரந்தாவிடம் போனேன்.
எண்ணூற்று நாற்பது வளையம் சுட்டேன்,
மிச்சம் பதினொன்று என்றாள்,
விரலால் காற்றில் கழித்துக் காட்டி.

எழுதினேன்.
என் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"பொறு.
பசிக்காதவர்கள் வந்திருப்பார்கள்,
காசில்லாதவர்களும்.
காவலர்கள் ஆளுக்கு இரண்டு தின்றார்கள்,
அவர்களை எந்தப் பக்கம் சேர்ப்பாய்?
என் மைத்துனனுக்கு ஆலையில் வேலை போய்விட்டது.
அதையும் குறித்துக்கொள்,
நான் சொல்வதற்குப் பக்கத்திலேயே."

கடைசியில் எத்தனை பேர், என்றார் ஆசிரியர்.
தெரியாது, என்றேன்.
ஏன் தெரியாது என்பதை
நானூறு சொல்லில் எழுதியிருக்கிறேன்.
தலைப்புக்கு ஆகாதே, என்று
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவர் கோட்டின் கைமடிப்பில்
இரண்டு எள்.

கேட்டிருக்க வேண்டும்.