முழங்கால் கணக்கு

எழுதிக்குங்க சார்.
பேரு பொங்கியண்ணன். அப்பன் பேரு குப்பணன்.
கண்ணி நாப்பத்தி ரெண்டு, நைலான் நரம்பு.
கோணிச் சாக்கு ஒண்ணு.
வாத்து ஒண்ணு, உசுரோட.

அதுக்குக் கீழ ரெண்டு வரி எடம் உடுங்க.
தண்ணியைச் சொல்லோணும்.

நான் வாத்தைப் பாத்து வேட்டைக்குப் போனவனில்லீங்க,
தண்ணியைப் பாத்துப் போனவன்.
கீழ்பவானி வாய்க்கா நெறஞ்சு போனா
பாஞ்சு இருவது நாள்ல
மேக்காட்டு நெல்லுக்குப் பாஞ்ச மிச்சம்
பாறைக்கடியில எறங்கி வந்து
ஓலைப்பள்ளத்துல ஊறும்.
யாரும் உட்ட தண்ணியில்ல, யாரும் வரி கட்டுன தண்ணியில்ல.

கணுக்கால் வந்தா கொக்கு.
முழங்கால் வந்தா நீலச்சிறகி, ஊசிவால், புள்ளிமூக்கன்,
தலை சேத்துல, வாலு வானத்துல.
இடுப்பு வந்துச்சுன்னா
அத்தனையும் நட்டநடுவுக்குப் போயிருமுங்க.
கண்ணிக்கு எட்டாது.
வெறுஞ்சாக்கோட ஊட்டுக்குப் போயி
அவகிட்ட வசவு வாங்கோணும்.

ஒரு சாண் வித்தியாசந்தான் சார்.
அந்த ஒரு சாணுக்கு
லஸ்கர் சென்னியப்பனுக்கு எத்தனை டீ!
மதகை எத்தனை அங்குலம் தூக்குனாங்க,
முறைத்தண்ணி என்னிக்கு மாறுது,
அவன் நோட்டுல ஏறுறதுக்கு முந்தி
என் முழங்காலுக்குத் தெரிஞ்சிரும்.

போன ஆடியில, பள்ளம் காஞ்சு கெடக்கறப்ப
தோட்டத்துக்காரர் பொக்லைன் கொண்டாந்தாரு.
தர்ப்பூசணிக்குக் காலு ஊறுனா வேரு அழுகிரும்.
அவரு சொன்னதுல பொய்யில்ல.
ஓட்டை போட்ட குழாய், தேங்கா நாரைச் சுத்தி,
பன்னெண்டடிக்கு ஒரு வரிசை.
எறக்கி மண்ணு மூடுன ஆளு
நாந்தானுங்க.
நாளுக்கு எழுநூத்தம்பது, மத்தியானம் சோறு.
அதையும் எழுதிக்குங்க.

புரட்டாசியில கசிவு வந்துச்சு.
ஓடைப்பக்கம் போயிக் குழாய் வாயில குந்திப் பாத்தேன்.
மொதல்ல சேறு, பொறவு செவப்பு,
பொறவு சோடாவாட்டம் தெளிஞ்சு
ராவும் பகலுமாக் கொட்டுது.
பள்ளத்துல கணுக்கால்கூட நனையலை.
அன்னிக்கிருந்து முழங்கால்ல ஒரு குத்தல்.
தேய்மானம்னு சொல்லி
ஆயின்மென்ட் குடுத்தாங்க, பெருந்துறையில.

மார்கழியில அதுக வந்துச்சு.
எந்தப் பனிநாடோ,
குழாய் போட்ட சேதி அங்க யாரு சொல்றது?
சீலை கிழிக்கறாப்பல றெக்கைச் சத்தம்,
பள்ளத்து மேல வட்டம் போட்டு வட்டம் போட்டு
எங்கியோ போயிரும். மறுநா ராத்திரியும் வரும்.
மூணு ராத்திரி கேட்டுக்கிட்டே படுத்திருந்தேன்.
நாலாம் ராத்திரி எந்திரிச்சுக் கண்ணியை எடுத்தேன்.
தண்ணியில்லைன்னு தெரியும்.
கை எடுத்துச்சு, அவ்வளவுதான்.

நல்ல நெலா.
பாத்தி மேல புதுசா விரிச்ச சில்வர் ஷீட்டு,
ரெண்டு ஏக்கரா, அலையில்லாத கொளம்.
சாமி சத்தியமா நானே ஒரு நிமிசம் ஏமாந்துட்டேன்,
வேட்டியைத் தூக்கிக் கட்டிட்டேன்.

ஒண்ணு எறங்குச்சு.
காலை முன்னால நீட்டி, தண்ணியில எறங்கறாப்பலயே.
தொப்புன்னு சத்தம்.
கூட வந்ததுக அப்படியே மேல ஏறிப் போயிருச்சு.
இது எந்திரிச்சு, நெஞ்சை நிமுத்தி,
தலையைக் குனிஞ்சு
ஷீட்டைக் கொத்துச்சு சார்.
டக். டக். டக்.
முப்பது வருசத்துல அந்தச் சத்தம் கேட்டதில்ல.

போன் பண்ணது தோட்டத்துக்காரர்தான், தெரியும்.
ஷீட்டு கிழிஞ்சா யாருக்குந்தான் கோவம் வரும்.

உடப்போனியா, அறுக்கப்போனியான்னு கேட்டீங்க.
ஓடையில எறங்கித் தண்ணி எவ்வளவுன்னு பாத்துட்டு
முடிவு பண்ணலாம்னு இருந்தேன்.
கணுக்கால் தாண்டி
கெண்டச்சதைக்கு ஏறிக்கிட்டிருந்துச்சு,
நீங்க டார்ச் அடிச்சுட்டீங்க.

கையெழுத்தே போடுவனுங்க, பேனாவைக் குடுங்க.
வாத்தை யாராச்சும் வாங்கிக்குங்க.
எடது காலைப் பாத்துப் புடிங்க.
அது எறங்குன பக்கம்.