வலது கால் மட்டும்

நேரு வீதிக் கிளையை மூடும் செய்தி
மதியம் இரண்டே காலுக்கு மின்னஞ்சலில் வந்தது.
ஒருங்கிணைப்பு என்று போட்டிருந்தார்கள்.
ஜெரால்டின் இரண்டு முறை படித்துவிட்டு
அப்ப சாப்பிட்டுடலாமா என்றாள்.

பதினாறு வருடம்.
முகங்கள் எனக்குத் தங்குவதில்லை.
ஏழாம் நம்பர், தட்டைப் பாதம்,
சுண்டுவிரலோரம் ஆணி,
இப்படித்தான் புதுச்சேரியை எனக்குத் தெரியும்.
பிரெஞ்சுப் பென்ஷன் விழுந்த மறுநாள்
தோல் ஷூ கேட்டு வரும் ஓர் ஒன்பதரை.
ஜூன் முதல் வாரம் பிள்ளைகள் மூன்றையும் இழுத்துக்கொண்டு வந்து
பள்ளிக்கூட ஷூவை ஒரு நம்பர் கூட்டியே வாங்கி
முனையில் பஞ்சு அடைக்கும் ஓர் ஐந்து.

பாதி விலை என்று பேனர் கட்டியதும்
ஊரே வந்தது.
இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள் என்று
கேட்க நேரமில்லை, பில் போடவே ஆள் பத்தவில்லை.
கடையின் வரலாற்றில் அதுதான் அதிகபட்ச விற்பனை.
கைதட்டும் பொம்மை ஒன்றை
குழுவில் அனுப்பியது தலைமை அலுவலகம்.

அலமாரியில் வைப்பது எப்போதும் வலது கால் மட்டும்.
இடது கால் கிடங்கில், பெட்டிக்குள்.
ஒற்றைச் செருப்பை எவன் திருடுவான் என்கிற கணக்கு.
கடைசி நாள் ஜோடி சேர்த்தோம்.
ஏழு வலது கால்கள் மிஞ்சின.
நாற்காலி, கண்ணாடி, விலை ஒட்டும் துப்பாக்கி,
எல்லாவற்றுக்கும் பட்டியலில் எண் இருந்தது.
கால் அளக்கும் இரும்புத் தட்டுக்கு இல்லை.
அது யாருடையதும் இல்லை என்பதால்
என் பையில் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை கடலூர் பஸ்.
அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம்.
முள்ளோடையில் சிலர் இறங்கினார்கள், எதற்கென்று தெரியும்.
ஆல்பேட்டைச் சோதனைச் சாவடியில்
என் பை கனத்ததைப் பார்த்துவிட்டு
போலீஸ்காரர் திறக்கச் சொன்னார்.
பாட்டிலைத் தேடிய கை
வலது கால் ஒவ்வொன்றாய் எடுத்து அடுக்கியது.
ஏழு.
என்னம்மா இது?
கம்பெனி சொத்து சார்.
ஜோடி எங்கே?
அதைத் தேடித்தான் சார் போறேன்.
பஸ் முழுக்கச் சிரித்தது. நானும்தான்.

மூன்றுக்கு ஜோடி கிடைத்தது.
மற்ற நான்கையும்
'சேதாரம்' என்ற கட்டத்தில் எழுதச் சொன்னார் வேதமாணிக்கம் சார்.
ஒரு கீறல்கூட இல்லை அவற்றில்.

லாரன்ஸ் ரோட்டுக் கிளை ஏன் பிழைத்தது என்று
மேலிடம் ஒரு காரணம் சொல்லும்.
எனக்குத் தெரிந்தது இது:
மழைக்கு முழங்கால் தண்ணீர் ஏறுகிற கட்டடம்,
வாடகையைக் கூட்ட உரிமையாளருக்கு வாய் வரவில்லை.
உள்ளே இருப்பவர்களில் பாதிப்பேர்
பஸ் வரும்வரை ஏசிக்கு ஒதுங்கியவர்கள்.
ஒரு செருப்பைக் கையில் எடுத்துப் பார்ப்பது
அவர்கள் தருகிற மரியாதை.

ஒரு பையன் வந்தான்.
மூன்று ஜோடி போட்டு நடந்தான், குனிந்து
உள்ளே இருந்த எண்ணை போனில் படம் எடுத்தான்.
தேங்க்ஸ்க்கா என்றான்.
எதற்கென்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை அதே பையன்,
கையில் அட்டைப்பெட்டி.
கடிக்குதுக்கா, இங்கே மாத்தித் தருவீங்களா?
இங்கே வாங்காததை இங்கே மாற்ற முடியாது.
சார் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.
இரும்புத் தட்டை எடுத்துத் தரையில் வைத்தேன்.
சில்லென்று இருந்திருக்கும், விரல்களைச் சுருக்கினான்.
குதிகாலை ஒட்டி வை. இப்ப இடது.

இடது கொஞ்சம் பெரிசுப்பா உனக்கு.
நிறையப் பேருக்கு அப்படித்தான்.
நாங்க வலதைத்தான் வெளியே வைப்போம்,
அதை நம்பி வாங்காதே.
எட்டரை போடு.

அங்கேயே நின்று
போனில் எட்டரை போட்டான்.