கூரைக்குள் மழை

ஒத்துக்கொள்கிறேன் யார்க்கோ,
மூன்றாம் பாகம்தான் சிறந்தது.
நாற்பது மணி நேரம் ஆடி முடித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.
குதிரை சுவரில் சிக்குவதில்லை.
கேமரா என்னை விட்டு ஓடிப்போய்
பாறைக்குள் ஒளிந்துகொள்வதில்லை.
ஏரியில் நிலா உடைகிறது, தானே ஒட்டிக்கொள்கிறது.
குறை சொல்ல ஊசிமுனை இடமில்லை.

ஆனால் இன்று கெமியில்
சூரியன் பதினொன்றுக்கு வந்து ஒன்றரைக்குள் போய்விட்டது.
பனியுடைக்கும் கப்பலின் இயந்திர அறையில்
பன்னிரண்டு மணி நேரம் நின்று
காதடைத்துத் திரும்பியிருக்கிறேன்.
கையுறையைக் கழற்றியதும் கை தேடியது
அந்தப் பழைய கறுப்புப் பெட்டியைத்தான்.
வட்டில் ஒரு கீறல். ஏழாம் அத்தியாயத்தில் திக்கும்.

முதல் பாகத்தில் மழை
வீட்டுக்குள்ளும் பெய்யும்.
கூரை என்றால் என்னவென்று
அந்த மழைக்கு யாரும் சொல்லவில்லை.
அடுப்பின் மேல் பெய்யும், அடுப்பு எரியும்.
தொட்டிலின் மேல் பெய்யும், பிள்ளை தூங்கும்.
உப்பு விற்கிறவள் மூட்டைகளுக்கு நடுவே
சொட்டச் சொட்ட நின்றுகொண்டு
"உள்ளே வாருங்கள், வெளியே மழை" என்பாள்.

பத்தொன்பது வயதில் அதற்கு விழுந்து விழுந்து சிரித்தேன்.
இருபத்தாறில், விவாகரத்துத் தாள்கள்
மேசையில் கிடந்த வாரம்,
அவள் கூப்பிட்டாள், போனேன்.
ஒன்றும் வாங்கவில்லை. நின்றேன்.

இரண்டாம் பாகத்தில் மழை கூரையைக் கற்றுக்கொண்டது.
உப்புக்காரிக்கு ஒரு சால்வை கொடுத்தார்கள்,
கடலில் போன ஒரு கணவனைக் கொடுத்தார்கள்.
கேட்டால் நான்கு விதமாக அழுவாள்.
உள்ளே வா என்று மட்டும் சொல்வதில்லை.

தெரியும், மூன்றாவதில் அப்படி ஒரு வீடு வைத்திருக்கிறார்கள்.
வடக்கு மலைக்குப் பின்னால், எங்களைப் போன்ற
பழைய ஆட்களுக்காக.
கதவைத் திறந்தால் உள்ளே மழை,
திரையோரம் ஒரு பதக்கம்: கண்டுபிடித்துவிட்டீர்கள்!
நீ கைதட்டினாய்.
நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்தேன்.
அந்த மழைக்குத் தான் தப்பென்று தெரியும், யார்க்கோ.
தெரிந்தே பெய்கிற மழையில்
எப்படி நனைவது?

சேமிக்க இதற்கு இரண்டு நிமிடம் ஆகும்.
அணைத்துவிடாதீர்கள் என்று கெஞ்சும்.
அதற்குள் காப்பி போட்டுவிடலாம்.
ஏலக்காய் ரொட்டி நேற்றையது,
உனக்கும் ஒரு துண்டு இருக்கிறது.
வா, பூட்ஸோடு வராதே, உட்கார்.
குதிரை மறுபடியும் சுவருக்குள் போய்விட்டது.
வால் மட்டும் வெளியே இருக்கிறது.
ஆட்டுகிறது.