உலோகம் எல்லாம் தட்டில்

கைக்கடிகாரம், மோதிரம், பெல்ட்டு, மாதா பதக்கம்.
அப்புறம் இதையும் என்று சாவிக்கொத்தை வைத்தார்.
சாவிகளுக்கு நடுவே ஒரு செப்புப் பூ,
நாலு இதழ், ஒவ்வொன்றும் பின்னால் மடங்கி.
விமான நிலையத்தில் என்னவென்று கேட்டார்களாம்.
அலங்காரம் என்றாராம்.

ரெமி சவரிராயன், வயது ஐம்பத்தெட்டு.
முத்தியால்பேட்டையில் சொல்தா வீடு என்றால்
ஆட்டோக்காரர் கொண்டுவந்து விடுவார்.
வருஷத்தில் பத்து மாசம் ஓர்லெயான் பக்கம்.
இடது தொடையில் வலி. அங்கே குளிரில் அதிகம்,
இங்கே புதுச்சேரி வெயிலிலும் போகவில்லை.

"பன்றியின் தோளுக்குள் போய்
மறுபக்கத் தோலடியில் நின்றது இது.
நிறுத்துப் பார்த்தேன். அரை கிராம்கூடக் குறையவில்லை."
படுக்கச் சொன்னேன். படுத்துக்கொண்டே பேசினார்.
மூச்சை அடக்கச் சொன்னால் நிறுத்துவார்தான்;
தொடைப் படத்துக்கு மூச்சடக்கத் தேவையில்லை.

அக்டோபருக்குள் முடிவு செய்தாக வேண்டும்.
ஒன்பது புள்ளி மூன்று மில்லிமீட்டர் துப்பாக்கி,
இருபது வருஷமாய்ப் பதினெட்டரை கிராம் ஈயம்.
அதே எடையில் செம்பு என்றால் தோட்டா நீளும்,
நீண்டால் குழலின் முறுக்கு போதாது,
சம்பள நாள் இரவில் சாராயக்கடையிலிருந்து
வீட்டுக்கு வருபவன் மாதிரி தள்ளாடிப் போகும்.
ஆகவே குறைத்துப் பதினாறு.
பெட்டி விலை இரண்டு மடங்கு.
அதுகூடப் பரவாயில்லை, வேகம் தணிந்துவிட்டால்
பூ விரியாது. மொட்டாகவே துளைத்துப் போய்விடும்.
பன்றி ஓடி, ராத்திரி முழுக்க எங்கோ கிடந்து சாகும்.
"அதுதான் பயம்."

ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை.
இங்கே இளிப்பது செம்பு.
ஈயம் பாவம், பேரிலேயே ஈகை.
போன உடம்புக்கெல்லாம்
தன்னைக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்துவிடுகிறது.
கறிக்கு, கறி தின்னும் பேத்திக்கு,
காட்டில் விட்டுவந்த குடலைக் கொத்தும் கழுகுக்கு.

நான் மாட்டியிருந்த அங்கியும் ஈயம். ஆறு கிலோ.
பதினோரு வருஷமாய் என் தோளை அழுத்தி அழுத்தி
என்னைக் காத்துவருகிறது.
அதைப் பற்றி நான் தப்பாகப் பேச முடியாது.

பொத்தானை அழுத்தினேன்.
திரையில் தொடையெலும்பு,
அதைச் சுற்றி வெள்ளெள் தூவியதுபோல்
பதினேழோ பதினெட்டோ.
"உலோகம் எல்லாம் தட்டில் என்றேனே."

சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.
மூன்று வருஷம் முன்னால், மூடுபனி, வளைத்து விரட்டும் வேட்டை.
கில்பேர் சுட்டது ஓக் மரத்தில் பட்டு நொறுங்கி
நொறுங்கல் மட்டும் இங்கே வந்தது.
மனைவியிடம் முள்கம்பி என்று சொல்லியிருக்கிறார்.

"செம்பாக இருந்திருந்தால்?" என்றேன்.
அது உடையாத சாதி. மரத்தில் பட்டால்
முழுசாய்த் திரும்பி வந்திருக்கும்.
அவர் கூரையைப் பார்த்தார்.
அங்கே குழல்விளக்கும் ஒரு பல்லியும் இருந்தன.

"அப்ப எதைத்தான் வாங்க?"
எலும்பைப் படம் எடுப்பவளிடம் கேட்கிறார்.
டாக்டர் பார்த்துச் சொல்வார் என்று
எல்லாருக்கும் சொல்வதையே சொன்னேன்.
பிறகு மனசு கேட்கவில்லை.
"எதுவானாலும், பன்றிக்குப் பின்னால்
யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு."

படம் வீட்டுக்கு வேண்டாம்,
தானே வந்து வாங்கிக்கொள்கிறாராம்.
தாழ்வாரத்தில் கைபேசியில் பிரெஞ்சு.
பள்ளிக்கூடத்தில் எனக்கு எண்கள் வரைதான் ஏறியது.
செஸ் என்பது காதில் விழுந்தது. பதினாறு.
அப்புறம் கில்பேர் என்ற பேர்.
அப்புறம் நெடுநேரம் பேச்சில்லை,
போனைக் காதிலிருந்து எடுக்கவும் இல்லை.

அடுத்து வந்த அம்மாள் மெட்டி கழற்ற மாட்டேன் என்றாள்.
தோள்பட்டைதானே, இருக்கட்டும் என்றேன்.