முதலில் காலுறை

சேற்றுப்புண்ணுக்குச் சேறு வேண்டியதில்லை.
வேர்வை போதும்.
ரூதா ஷ்லோன்ஸ்காவின் நிலக்கரிச் சுரங்கத்தில்
எண்ணூறு மீட்டர் கீழே
ரப்பர் பூட்ஸுக்குள் ஒரு ஷிஃப்ட் முழுக்க அவிந்து
மேலே வருகிறது ஒரு ஜோடி கால்.

குளியல்கூடத்தின் கூரையைப் பார்க்க வேண்டும்.
நூற்றுக்கணக்கில் சங்கிலிகள்,
ஒவ்வொன்றின் நுனியிலும் ஒருவனுடைய சட்டை, கால்சராய்,
ஆளில்லாமல் தொங்கும் ஆட்கள்.
கீழே நீராவி.
நனைந்த ஓடுகளில் வெறுங்கால்கள் போக வர,
கண்ணுக்குத் தெரியாத ஒன்று
வாடகை தராமல் வீடு மாறிக்கொண்டே இருக்கிறது.

முதலுதவி அறையில் என்னிடம்
முதுகைக் காட்டுவார்கள்,
நசுங்கிய நகத்தைக் காட்டுவார்கள்,
கறுப்புச் சளியைக் கைக்குட்டையில் விரித்துக் காட்டுவார்கள்.
காலை மட்டும் காட்ட மாட்டார்கள்.

எர்வின் கொட்டூலா மூன்று மாதம் நொண்டினான்.
பிறகு ஒருநாள் கதவைச் சாத்திவிட்டுக் காலுறையைக் கழற்றினான்.
கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவே
பாலில் ஊறிய ரொட்டிபோல் வெளுத்த தோல்,
அடியில் சிவந்து வெடித்த கோடு.
"என்ன வைத்தியம் பார்த்தாய்?"
"வோட்கா."
"தடவினாயா, குடித்தாயா?"
"பாதிப் பாதி, சிஸ்டர் ஒட்டீலியா."

களிம்பு கொடுத்தேன்.
புண்ணோடு நிறுத்தாதே,
சுற்றியிருக்கும் நல்ல தோலிலும் ஒரு விரற்கடை தாண்டித் தடவு.
அரிப்பு அடங்கிய பிறகும் இரண்டு வாரம்.
கேட்கிறதா, இரண்டு வாரம்.

ஒன்பதாம் நாள் அரிப்பு நின்றது.
ஒன்பதாம் நாளே அவனும் நிறுத்தினான்.

ஏப்ரலில் திரும்பி வந்தான், மனைவி ஹெட்விகாவோடு.
அவள் பேசவில்லை. தன் ஷூவைக் கழற்றினாள்.
கல்யாணத்தைக் கால்கட்டு என்பது சும்மா இல்லை.
"வீட்டில் ஒரே துண்டு" என்றாள் கடைசியில்,
அவனைப் பார்க்காமல்.
தனித் துண்டு, கொதிக்கக் கொதிக்கத் துவைத்த காலுறை,
குளிக்கும்போது ரப்பர் செருப்பு என்று நான் சொன்னதை
மளிகைக் கணக்குபோல் மடித்து வைத்துக்கொண்டாள்.

அவள் வெளியே போகும்வரை காத்திருந்து எர்வின் சொன்னான்:
"மேலேயும் அரிக்கிறது."
"எவ்வளவு மேலே?"
சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தான்.

புரிந்தது.
ஜட்டி கால் வழியாகத்தானே ஏறுகிறது,
விரலிடுக்கில் இருப்பதை வாரிக்கொண்டு.
"முதலில் காலுறை. அப்புறம்தான் மற்றது."
"எண்பது பேருக்கு நடுவே,
அம்மணமாக,
காலுறை மட்டும் போட்டுக்கொண்டு?"
சுரங்கம் இடிந்து விழுந்தால்கூட
அந்த முகம் வந்திருக்காது.

அறிவிப்பு எழுதி ஒட்டினேன்.
சாயங்காலத்துக்குள் யாரோ படம் வரைந்துவிட்டார்கள்:
காலுறை போட்ட நிர்வாண மனிதன்.
மீசை மட்டும் அசலாக ஃபோர்மன் கிண்டர் பீகாவின் மீசை.

அதன்பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை.
தரை கழுவும் பெர்னாட் சொன்னான்.
பீகா அந்தப் படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றாராம்.
மறுநாள் ஷிஃப்ட் முடிந்து குளித்து வந்து பெஞ்சில் உட்கார்ந்து,
சம்பளப் பணம் எண்ணுவதுபோல்
ஒவ்வொரு விரலிடுக்காய்த் துடைத்தாராம்.
பத்து விரல், எட்டு இடுக்கு, ஒன்றையும் விடவில்லை.
முழங்கால்வரை வெள்ளைக் காலுறையை இழுத்துவிட்டு
எழுந்து நின்றார்.
உடம்பில் வேறொன்றும் இல்லை.

சங்கிலி இறங்கும் சத்தம் மட்டும்.
சிரிக்க நினைத்தவர்கள் சோப்பைத் தேடினார்கள்.
மூலையில் எர்வின்
குனிந்து, தன் பையில்
ஒரு ஜோடி காலுறையைத் துழாவிக்கொண்டிருந்தான்.
எத்தனை வருடம், பீகாவுக்கு? பெர்னாட்டுக்குத் தெரியவில்லை.
என்னிடம் அவர் வந்ததே இல்லை.

நிர்வாகத்துக்குக் கடிதம் போட்டேன்:
ஆளுக்கு இரண்டாம் ஜோடி பூட்ஸ் வேண்டும்.
ஒன்று வேலை செய்யும் நாளில் இன்னொன்று காயட்டும்.
பூட்ஸுக்கு விடுப்பா என்று கேட்டுப் பதில் வந்தது.

அதுவரைக்கும் ஹெட்விகா
ஒவ்வோர் இரவும் பூட்ஸுக்குள் பழைய செய்தித்தாளைத் திணிக்கிறாள்.
காலையில் உருவும்போது
பாதி எழுத்து கரைந்திருக்கிறதாம்.